எழுதுகோலும் ஆணையும்: ஈரானிய எழுத்தாளர் சங்கத்தின் வரலாறு

ஓர் அரசின் வலிமையை அதன் படைகளைக் கொண்டு அளப்பார் உளர். கருவூலத்தைக் கொண்டு அளப்பாரும் உளர். ஆயினும், தன்னை இடித்துரைக்கும் சொல்லை அவ்வரசு எவ்வாறு ஏற்கின்றது என்பதே அதன் உண்மையான வலிமையைக் காட்டும். செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்தலை வள்ளுவர் அரசனுக்குரிய பண்புகளுள் ஒன்றாக வைத்தார். அரசனும் பிழை செய்யக்கூடும் என்னும் தெளிவு அதனுள் அடங்கியுள்ளது. ஆனால், ஆள்வோரின் ஆணையே இறைவனின் ஆணை என்று கொள்ளப்படும் நாட்டில் இடித்துரைப்பார்க்கு இடம் ஏது? ஆட்சியைக் குறை கூறுவோர் சமயத்தைப் பழித்தவராகக் கருதப்படுவர். கருத்து வேறுபாடு குற்றமாகிவிடும். இந்நிலையை விளக்க ஈரான் நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் வரலாற்றினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

சங்கத்தின் தோற்றம்

ஈரானில் எழுத்துக்கு விலங்கிட்டது சமய ஆட்சி மட்டுமன்று. அதற்கு முன்னிருந்த ஷா மன்னரின் ஆட்சியும் அவ்வாறே செய்தது. 1957இல் அமைக்கப்பட்ட 'சாவாக்' என்னும் உளவுத்துறை, கவிஞரையும் நாவலாசிரியரையும் நிழல்போல் தொடர்ந்தது. 1968இல் அரசு தன் ஆதரவில் எழுத்தாளர் பேரவை ஒன்றைக் கூட்ட முனைந்தது. தணிக்கை நிலவும் நாட்டில் அரசு கூட்டும் பேரவையில் பங்குகொள்வது தணிக்கைக்கு உடன்படுவதாகும் எனக் கூறி, ஐம்பதுக்கு மேற்பட்ட எழுத்தாளர்கள் அதனைப் புறக்கணித்தனர். அப்புறக்கணிப்பிலிருந்தே ஈரானிய எழுத்தாளர் சங்கம் பிறந்தது. ஜலால் ஆலே அஹ்மத் அதற்கு முன்னின்று உழைத்தார். அவர்தம் துணைவியாரும் புகழ்பெற்ற நாவலாசிரியருமான சிமீன் தானிஷ்வர் அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அரசு அச்சங்கத்தைப் பதிவு செய்ய மறுத்தது. 1969இல் ஆலே அஹ்மத் மறைந்தார். உறுப்பினர் சிலர் சிறை புகுந்தனர். சங்கம் சில ஆண்டுகளில் முடங்கியது. ஆயினும் அதன் வேர் பட்டுப்போகவில்லை. 1977 சூன் திங்களில் நாற்பது எழுத்தாளர்கள், சங்கம் இயங்க இசைவு வேண்டித் தலைமை அமைச்சருக்கு வெளிப்படையாக மடல் எழுதினர். அவ்வாண்டு அக்தோபர்த் திங்களில், தெகுரானில் செருமானியப் பண்பாட்டு அமைப்பின் தோட்டத்தில் பத்து இரவுகள் தொடர்ந்து கவிதை அரங்குகள் நிகழ்ந்தன. மழையையும் பொருட்படுத்தாது ஆயிரக்கணக்கானோர் ஈரத்தரையில் அமர்ந்து கேட்டனர். துப்பாக்கிக்கு அஞ்சிய நகரம் அச்சத்தை உதறிய இரவுகளாக 'பத்து இரவுகள்' இன்றளவும் நினைக்கப்படுகின்றன. அடுத்த பதினாறு திங்களுக்குள் ஷாவின் ஆட்சி வீழ்ந்தது.

புரட்சியும் ஏமாற்றமும்

1979 பிப்ரவரியில் வெற்றிபெற்ற புரட்சியை எழுத்தாளர்கள் வரவேற்றனர். அதற்கு வழி திறந்தோருள் தாமும் அடங்குவர் என்று பெருமையும் கொண்டனர். அப்பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆகஸ்டுத் திங்களில் 'ஆயந்தேகான்' என்னும் நாளிதழ் மூடப்பட்டது; அதனைத் தொடர்ந்து இதழ்கள் பல மறைந்தன. அவ்வாண்டின் இறுதியில் சங்கம் மீண்டும் கவிதை இரவுகளை நடத்த விரும்பியது. புதிய ஆட்சியை இவ்வேளையில் எதிர்க்கலாகாது என்று உறுப்பினர் சிலர் தடுத்தனர். அதனால் எழுந்த பிணக்கு முற்றிச் சங்கம் பிளவுற்றது, ஐவர் நீக்கப்பட்டனர். அவ்வைவர் சார்ந்திருந்த 'தூதே' கட்சியும் 1983இல் அதே ஆட்சியால் ஒடுக்கப்பட்டது. பிறர் வாய் அடைக்கப்படும்போது வாளாவிருந்தால் தமக்குத் தீங்கு வாராது என்று எண்ணுவோர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி இது.

1981இல் சங்கத்தின் அலுவலகம் மூடப்பட்டது. கவிஞரும் நாடகாசிரியருமான சயீத் சுல்தான்பூர் தம் திருமண நிகழ்ச்சியிலேயே கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு சூன் திங்களில் கொல்லப்பட்டார். ஷாவின் சிறையிலும் வாடியவர் அவர். 'பத்து இரவுகளில்' உரையாற்றிய குலாம் ஹுசைன் சாயிதி நாட்டை விட்டு வெளியேறி, 1985இல் பாரிசு நகரில் காலமானார். தாய்மொழி ஒலிக்காத தெருக்களில் எழுத்தாளன் படும் துயரை அயல்நாட்டில் வாழ்ந்த அவர்தம் இறுதி ஆண்டுகள் காட்டுகின்றன.

சட்டத்தின் இரு முகங்கள்

1979ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தைப் படிப்போர் வியப்புறுவர். ஒருவருடைய நம்பிக்கையைத் துருவி ஆராய்தலை அதன் 23ஆம் பிரிவு தடை செய்கின்றது. 24ஆம் பிரிவு இதழ்களுக்கும் நூல்களுக்கும் கருத்துரிமை வழங்குகின்றது. ஆனால், இஸ்லாத்தின் அடிப்படைகளுக்கோ பொதுமக்கள் உரிமைகளுக்கோ ஊறு விளைத்தால் அவ்வுரிமை இல்லை என்னும் விலக்கும் அப்பிரிவிலேயே உண்டு. எது ஊறு என்பதை வரையறுப்போர் ஆள்வோரே. உரிமையை வாயிற்கதவுக்கு ஒப்பிட்டால், அதன் திறவுகோல் காவலன் கையில் இருந்தது எனலாம்.

இவ்விலக்கு நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதையும் அறிதல் வேண்டும். நூல் ஒன்று வெளிவரப் பண்பாட்டு, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சின் இசைவு தேவை. ஆய்வாளர் சில சொற்களை நீக்கச் சொல்வர். சில பத்திகளை மாற்றச் சொல்வர். சில நூல்களுக்கு ஆண்டுக்கணக்கில் விடையே வாராது. வழங்கிய இசைவு, அச்சான பின்னர்த் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. தாளுக்கும் அச்சுக்கும் பொருள் செலவிட்ட பதிப்பாளர், இழப்புக்கு அஞ்சித் தாமே முதல் தணிக்கையாளராகின்றார். அவருக்கு அஞ்சி எழுத்தாளர் தம் உள்ளத்திலேயே ஒரு தணிக்கையாளரைக் குடியமர்த்துகின்றார். தணிக்கையின் உச்ச வெற்றி, எழுதப்பட்ட நூலைத் தடுப்பதில் இல்லை. நூல் எழுதப்படாமலே போகச் செய்வதில் உள்ளது.

134 கையொப்பங்கள்

1994 அக்தோபரில் 134 எழுத்தாளர்கள் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். 'நாங்கள் எழுத்தாளர்கள்' என்பது அதன் பெயர். தம்மை எழுத்தாளர் என்ற முறையில் நோக்கல் வேண்டும்; அரசியற் கட்சியினராக நோக்கலாகாது; எழுத்துக்கு வரும் தடைகளை ஒன்றுபட்டு எதிர்கொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்பன அதன் சாரம். கேட்டது இவ்வளவே. ஆயினும், கையொப்பத்தைத் திரும்பப் பெறுமாறு பலரும் நெருக்கப்பட்டனர். அடுத்த திங்களில், முன்பே கைதாகியிருந்த எழுத்தாளர் அலி அக்பர் சயீதி சீர்ஜானி காவலில் இறந்தார்.

1996 ஆகஸ்டில் எழுத்தாளர் இருபதின்மர் அளவில் பேருந்தில் அர்மீனியா நாட்டிற்குப் புறப்பட்டனர். மலைப்பாதையில் ஓட்டுநர் பேருந்தைப் பள்ளத்தை நோக்கிச் செலுத்திவிட்டுத் தாம் வெளியே குதித்தார். பயணி ஒருவர் விரைந்து வண்டியை நிறுத்தியதால் அனைவரும் உயிர் தப்பினர். ஒரு நாட்டின் இலக்கியத் தலைமுறை ஒன்றே ஒரு பள்ளத்தாக்கில் அழிந்திருக்கக்கூடும்.

1998இல் சங்கத்தை மீண்டும் அமைக்க முயன்ற குழுவினர் நீதிமன்றத்திற்கு அழைக்கப்பட்டு எச்சரிக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள், அரசியல் தலைவர் தாரியூஷ் ஃபொரூஹரும் அவர்தம் மனைவி பர்வானேயும் தம் இல்லத்திலேயே குத்திக் கொல்லப்பட்டனர். திசம்பர் 3ஆம் நாள் வீட்டை விட்டுச் சென்ற கவிஞர் முஹம்மத் முக்தாரி திரும்பவில்லை. 9ஆம் நாள் மொழிபெயர்ப்பாளர் முஹம்மத் ஜஃபர் பூயாந்தே மறைந்தார். இருவரும் கழுத்து நெரிக்கப்பட்டு நகர்ப்புறத்தே பிணமாகக் கிடந்தனர். அனைத்துலக மனித உரிமைப் பேரறிக்கையைப் பற்றிய நூல் ஒன்றைப் பாரசீகத்தில் பெயர்த்தவர் பூயாந்தே. அப்பேரறிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளுக்கு முதல்நாள் அவர் கடத்தப்பட்டார்.

நாடே கொதித்தெழுந்தது. 1999 சனவரியில், தன் அதிகாரிகள் சிலரே இக்கொலைகளைச் செய்தனர் என்று உளவுத்துறை அமைச்சு ஒப்புக்கொண்டது. முதன்மைக் குற்றவாளி எனப்பட்ட சயீத் இமாமி அவ்வாண்டு சூனில் சிறையிலேயே இறந்தார்; அது தற்கொலை என அரசு கூறியது. வழக்கு மூடிய அறையில் நடைபெற்றது. உண்மை முழுதும் வெளிவரல் வேண்டும் என்று போராடிய கொலையுண்டோர் குடும்பத்தினர், கொலையாளிகளுக்கு மரண தண்டனை வேண்டா என்றும் உரைத்தனர். கொலைக்குக் கொலை நீதியாகாது என்னும் அறத்தினின்று, துயரின் நடுவிலும் அவர்கள் வழுவவில்லை.

சமயமும் ஆட்சியும்

இவ்வரலாற்றைப் படிப்போர் சமயத்தின்மீது பழி சுமத்துதல் பொருந்தாது. சமய அறிஞர்களும் இவ்வாட்சியால் துன்புற்றனர். கொமெய்னிக்கு அடுத்த தலைவராக வரவிருந்த ஆயதுல்லா முந்தசிரி, 1988இல் சிறைகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதைக் கண்டித்தார். அதனால் அடுத்த ஆண்டில் அத்தகுதியை இழந்தார்; பின்னர் 1997 முதல் 2003 வரை வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 'கொர்தாத்' இதழை நடத்திய சமயக் குரு அப்துல்லா நூரிக்கு, சமயக் குருமார்க்கெனவே அமைந்த தனி நீதிமன்றம் 1999இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. இறைவன் பெயரால் இறுதிச் சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்ட ஆட்சிக்கு, இறைப்பற்றுடையோரின் மாற்றுக் கருத்தும் பகையாகவே தோன்றியது.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில், சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் மூடப்பட்டன. இதழ்ச் சட்டத்தைத் திருத்த அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் முனைந்தபோது, உயர்தலைவரின் ஒரு மடல் அவ்விவாதத்தையே நிறுத்தியது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் குரலும் ஓர் ஆணையின்முன் அடங்க நேர்ந்தது.

அணையாத விளக்கு

இத்துணை இடர்களுக்கிடையிலும் சங்கம் 1999இல் பொதுக்கூட்டம் கூட்டித் தன் கொள்கையை உறுதி செய்தது. சிந்தனை, பேச்சு, வெளியீடு ஆகியவற்றின் உரிமை எவ்வித வரம்பும் விலக்குமின்றி அனைவர்க்கும் உரியது என்பதே அக்கொள்கை. 'விலக்குமின்றி' என்னும் சொல்லின் அருமையை 24ஆம் பிரிவைக் கற்றோர் உணர்வர்.

அக்கொள்கைக்குக் கொடுத்த விலை பின்னும் பெரிது. கவிஞர் பக்தாஷ் ஆப்தின், ரெஸா கந்தான் மஹாபாதி, கேவான் பாஜான் ஆகிய மூவர் 2020 செப்டம்பரில் சிறையிடப்பட்டனர். சங்கத்தின் வரலாற்றை நூலாகத் தொகுத்ததும், கொலையுண்ட எழுத்தாளர்தம் கல்லறைகளுக்குச் சென்று வணங்கியதும் அவர்கள்மீது சாற்றப்பட்ட குற்றங்களுள் அடங்கும். சிறையில் கொரோனா நோயுற்ற ஆப்தின், காலத்தாழ்வின்றி மருத்துவம் பெறாமையால் 2022 சனவரி 8ஆம் நாள் உயிர் நீத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மாசா அமினி என்னும் இளம்பெண் காவலில் இறந்த செய்தியை வெளிக்கொணர்ந்த பெண் செய்தியாளர் இருவரும் சிறை சென்றனர்.

வரலாற்றைத் தொகுத்தல் குற்றமானது ஏன்? நினைவு அழிந்தால் கேள்வியும் அழியும் என்பதை அடக்குமுறையாளர் நன்கு அறிவர். நாற்பது பேர் எழுதிய மடலும், 134 பேரின் கையொப்பமும், பத்து இரவுகளும் நூலாகத் தொகுக்கப்பட்டால், அடுத்த தலைமுறைக்கு அவை பாடமாகிவிடும். ஆகவேதான் கல்லறைக்குச் செல்லும் வழியும் காவலுக்கு உட்பட்டது.

மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் இவ்வரலாற்றில் அறிய வேண்டுவன பல. எழுத்துரிமை ஒருமுறை பெற்றுப் பேழையில் வைத்துப் பூட்டத்தக்க பொருளன்று. நாள்தோறும் பயன்படுத்திக் காக்கத்தக்கது. தமக்கு உடன்பாடான கருத்துக்கு மட்டும் உரிமை வேண்டுவோர் உரிமையை வேண்டியவர் ஆகார். உடன்படாத கருத்துக்கும் இடம் வேண்டுவோரே அதனை வேண்டியவர் ஆவர். ஈரானிய எழுத்தாளர்கள் இதனை ஏட்டில் எழுதியதோடு அமையவில்லை. கொலையாளியின் உயிரையும் காக்க வேண்டிய குடும்பங்கள் வழியாக வாழ்ந்தும் காட்டினர். ஆணைகள் பல பிறந்தன, ஆட்சிகளும் மாறின. 1968இல் மறுக்கப்பட்ட பதிவு அச்சங்கத்திற்கு இன்றும் கிட்டவில்லை; சங்கம் மட்டும் இன்றும் உளது.