நெஞ்சொலி தேர்ந்த வரலாறு

நோயுற்றவன் சொல்வதைக் கேட்டு நோயறிதல் ஒன்று. அவன் உடல் சொல்வதைக் கேட்டு அறிதல் மற்றொன்று. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பிய மருத்துவர் பெரிதும் நம்பியது முன்னதையே. நோயாளி கூறும் செய்தி, நாடி, சிறுநீர் ஆகியனவே அவர்க்குச் சிறந்த சான்றுகள். மார்பில் செவிவைத்துக் கேட்டல் இப்போக்கிரேத்தர் பெயரால் வழங்கும் பண்டைக் கிரேக்க நூல்களிலேயே குறிக்கப்பட்டிருப்பினும், அது முறையாக வளரவில்லை. அத்தேர்வுமுறை வளர்ந்த வரலாற்றையும், அது காலந்தாழ்த்து ஏற்கப்பட்டதன் காரணத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

தட்டியறிதல்

லியோபோல்டு அவன்புருக்கர் 1722இல் ஆஸ்திரிய நாட்டுக் கிராத்சு நகரில் விடுதி நடத்திய ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். வியன்னாவின் ஸ்பானிய மருத்துவமனையில் பணிபுரிந்து, ஏழாண்டு ஆய்ந்து, 1761இல் இலத்தீனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நலமுடையார் மார்பை விரல்நுனியால் தட்டின், துணி போர்த்த பறையின் ஒலி போன்றதோர் ஒலி எழும். நுரையீரல் இறுகிய இடத்தும் நீர் தேங்கிய இடத்தும் அவ்வொலி மழுங்கும். இதுவே அந்நூலின் சாரம். பிணத்தின் மார்பினுள் நீரைச் செலுத்தித் தட்டிப் பார்த்தும் அவர் தம் கருத்தை உறுதிசெய்தார்.

தந்தையின் மதுப்பீப்பாய்களைத் தட்டி மதுவின் அளவை அறிந்த இளமைப் பழக்கமே இதற்கு வித்து என்பர். இது பொருத்தமானதொரு கதையே. ஆயினும் அவர்தம் நூலில் இச்செய்தி இல்லை. ஆதலின் இதனைச் செவிவழிச் செய்தியாகக் கொள்வதே முறை.

நூல் போதிய வரவேற்புப் பெறவில்லை. வியன்னாவில் இசுட்டோல் போன்ற சிலரே அம்முறையைக் கையாண்டனர். 1770இல் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் தாமே செய்துபார்த்தாரல்லர்.

புறக்கணிப்பின் காரணம்

இதனை மருத்துவரின் மடமை என்று ஒதுக்குதல் எளிது. அது வரலாற்று நோக்கு ஆகாது. உடல்நீர்மங்களின் நிலைமாற்றமே நோய் என்று கருதியவர்க்கு, மார்பின் ஓரிடத்து ஒலி மழுங்குதல் எப்பொருளையும் உணர்த்தாது. நோய் ஓர் உறுப்பில் இடங்கொண்டிருக்கிறது என்னும் கொள்கை வேரூன்றிய பின்னரே ஒலி சான்றாகும். அக்கொள்கையைப் பிணவாய்வுகளால் நிலைநாட்டிய மோர்காஞியின் பெருநூலும் அதே 1761இல்தான் வெளிவந்தது. ஒன்று உயிருடையான் மார்பின் ஒலியைக் கூறிற்று. மற்றொன்று இறந்தான் உடலின் மாற்றத்தைக் கூறிற்று. இரண்டையும் இணைப்பார் அப்போது அரியர்.

இணைப்பு நிகழ்ந்த இடம் புரட்சிக்குப் பிற்பட்ட பாரிசு. ஆங்குப் பெரிய மருத்துவமனைகளில் ஒரே ஆசிரியர் நோயாளியை உயிருடன் ஆராய்ந்து, இறந்தபின் உடலைத் திறந்தும் நோக்கினர். நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808இல் அவன்புருக்கர் நூலை விரிவுரையுடன் பிரெஞ்சில் வெளியிட்டார். தம் கண்டுபிடிப்பாகவே காட்டியிருக்கக்கூடியதை மூலவர்க்கே உரிமையாக்கிய அவர் நேர்மை போற்றத்தக்கது. மறுஆண்டில் அவன்புருக்கர் மறைந்தார்.

கேட்டறிதல்

கோர்விசாரிடம் பயின்றவருள் ஒருவர் இலென்னெக்கு. 1816இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் இதயநோய்க் குறிகளுடைய இளம்பெண் ஒருத்தியை அவர் ஆராய நேர்ந்தது. அவள் உடல் பருத்திருந்தமையின் தட்டுதல் பயன்படவில்லை. வயதும் பெண்மையும் கருதி மார்பில் செவிவைக்கவும் இயலவில்லை. மரத்தின் ஒரு முனையில் ஊசியால் கீறும் ஓசை மறுமுனையில் தெளிவாகக் கேட்பதை நினைந்து, தாளைச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைச் செவியிலும் பொருத்தினார். நேரே செவிவைத்துக் கேட்பதினும் இதயவொலி தெளிவாகக் கேட்டது. பின்னர் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள மரக்குழலைச் செய்து, ‘மார்பு’, ‘நோக்கல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஸ்டெதஸ்கோப் எனப் பெயரிட்டார். காதால் கேட்கும் கருவிக்குக் கண்ணின் தொழிலைப் பெயராக்கியது கருதத்தக்கது: ஒலிவழியே உள்ளுறுப்பைக் காண்பதே அவர் வேட்கை.

1819இல் வெளிவந்த அவர் நூலின் அருமை குழலில் மட்டும் இல்லை. அதுவரை பெயரில்லாதிருந்த ஒலிகட்கு அவர் பெயர் தந்தார். ஆட்டின் குரலை ஒத்த நடுங்கொலி, மார்பினின்றே பேசுவது போன்ற ஒலி எனப் பிரித்தறிந்தார். ஒவ்வோர் ஒலியையும் பிணவாய்வில் கண்ட மாற்றத்தோடு பொருத்தினார். சொல் பிறந்தபின்னரே ஒரு மருத்துவர் கேட்டதைப் பிறர்க்கு உணர்த்தவும் பிறர் அதனைச் சரிபார்க்கவும் இயன்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் எதிர்கொண்ட சொல்லாக்க இடரும் இத்தகையதே.

இலென்னெக்கு கண்டன எல்லாம் பிழையற்றன அல்ல. இதயத்தின் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குதலால் எழுவது என்று அவர் கொண்டது தவறு. அது வால்வுகள் மூடுதலோடு தொடர்புடையது. 1839இல் வியன்னாவின் இசுக்கோடா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி ஒலி உண்டு என்பதை மறுத்து, உறுப்பின் இயற்பு நிலையே ஒலியை அமைக்கிறது என விளக்கினார். அவன்புருக்கர் ஊரிலேயே அவர் கலை இவ்வாறு செம்மை பெற்றது.

தாம் நுணுகி ஆராய்ந்த காசநோய்க்கே இலென்னெக்கு 1826இல், 45ஆம் வயதில், இரையானார். அவர் மார்பில் குழலை வைத்துக் கேட்டவர் உறவினரான மெரியாதெக்கு. நோயின் இருப்பிடத்தை அறியும் வழி பிறந்திருந்தது. அதனைத் தீர்க்கும் மருந்து பிறக்கவில்லை.

1895இல் எக்சு கதிர் கண்டறியப்பட்டபின் நெஞ்சின் உள்ளிடம் கண்ணுக்கும் புலனாயிற்று. எனினும் தட்டலும் கேட்டலும் மருத்துவக் கல்வியினின்று நீங்கவில்லை. அவன்புருக்கர் நூல் நாற்பத்தேழு ஆண்டு காத்திருந்தமை காட்டும் உண்மை ஒன்றே: சான்று கிடைத்தல் மட்டும் போதாது, அதனைச் சான்றென உணர்தற்குரிய கொள்கையும் அதனைக் கூறுதற்குரிய சொல்லும் உடன்வருதல் வேண்டும்.