கா லோகோ ஏரி உடைஞ்ச கதை

ஏரிப் பாசனத்துல பிழைக்கிறவனுக்கு கலிங்கல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு ஓடுற வாய். அதை அடைச்சா தண்ணி கரைமேல ஏறும். மண் கரைமேல தண்ணி ஏறினா அவ்வளவுதான், அரிச்சுக்கிட்டே போய் உடைச்சிடும்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே கரும்புக்குத் தண்ணி பாய்ச்ச 1890-ல் கட்டினது கா லோகோ மண் அணை. நம்ம ஊர்க் கணக்குல ஏரின்னே வச்சுக்கலாம். கரும்பு ஆலை 1971-ல் மூடிட்டாங்க. கரும்பு போச்சு, ஏரி மட்டும் நின்னுது. நிலம் கை மாறி, 1980-களில் பெரும்பகுதி ஒரு பணக்காரருக்கு வந்தது. கீழே ஓடைப் பள்ளத்தில் ஆட்கள் வீடு கட்டிக்கிட்டாங்க.

அமெரிக்காவில் ஒவ்வொரு அணைக்கும் ஒரு அபாயத் தரம் உண்டு: குறைவு, கணிசம், அதிகம். இது அணை பலமா இருக்கா இல்லையா என்று சொல்றது இல்லை, இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. உடைஞ்சா கீழே எத்தனை உயிர் போகும், எவ்வளவு சொத்து போகும் என்பதுதான் கணக்கு. புத்தம்புது அணையும் 'அதிகம்' ஆகலாம். அணை அப்படியே இருக்க, கீழே நாலு வீடு வந்தாலே தரம் மாறணும்.

கா லோகோவுக்கு மாநிலப் பட்டியலில் இருந்தது 'குறைவு'. அந்தத் தரம் இருந்தா யாரும் அவசரமா வந்து பார்க்க மாட்டாங்க. வந்து பார்க்கவும் இல்லை.

2006 பிப்ரவரி, மார்ச்சில் அங்கே நாள் கணக்கில் மழை. மார்ச் 14 விடியற்காலை, எல்லாரும் தூங்கற நேரம், கரை போச்சு. ஏறக்குறைய 150 கோடி லிட்டர் தண்ணி ஓடையில இறங்கி, வீடுகளையும் நெடுஞ்சாலையையும் அடிச்சுக்கிட்டு கடலுக்குப் போனது. ஏழு பேர் செத்தாங்க. அதுல ஒரு சின்னக் குழந்தையும் ஒரு கர்ப்பிணியும் உண்டு.

பிறகு நடந்த விசாரணையில்தான் வெளிய வந்தது: கலிங்கலை மண் போட்டு மேவியிருந்தாங்க. படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க ஊர்லயும் இன்னும் ரெண்டு நாள் தண்ணி நிக்கட்டும்னு கலிங்கல்ல மண் மூட்டை அடுக்கினது உண்டு. பெரியவங்க சத்தம் போட்டு எடுக்க வச்சாங்க. அங்கே சத்தம் போட ஆளில்லை, தரமும் 'குறைவு'.

1977-ல் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற தனியார் அணை உடைஞ்சு 39 பேர் இறந்த பிறகுதான், நாடு முழுக்க அணைகளைப் போய்ப் பார்க்கச் சொல்லி அதிபர் கார்ட்டர் உத்தரவு போட்டார். அது நடந்து முப்பது வருஷம் ஆகப்போற நேரத்துல கா லோகோ.

ஹவாயில் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2007-ல் புதுசா வந்தது. சொந்தக்காரர் 2013-ல் குற்றத்தை ஒத்துக்கவும் இல்லை, குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவும் இல்லை. 2014-ல் கிடைச்சது ஏழு மாத ஜெயில்.