மேளம் கொட்டி எடுத்த படம்

மூலதனம் யாருடையதோ அவருடையதே படம் என்பது சினிமா உலகத்தின் எழுதாத சாசனம். கவிஞனுக்குக் காகிதமும் பேனாவும் இருந்தால் போதும். சினிமா டைரக்டரோ பிலிம் சுருளுக்கும் காமிரா வாடகைக்கும் ஐம்பது பேர் சாப்பாட்டுக்கும் வழி தெரிந்த பிறகே தம் கற்பனையைத் தொடவேண்டியவராக இருக்கிறார். ஆகையால் ஒருவரைச் சுயேச்சையான டைரக்டர் என்று யாராவது புகழ்ந்தால், நான் முதலில் விசாரிப்பது அவருடைய கலைக் கொள்கையை அன்று. பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். இந்தக் கேள்விக்குக் கேரளத்து ஜான் ஆபிரகாம் கண்ட விடையைப் போல விசித்திரமானதொன்று நம் தேசத்துச் சினிமா சரித்திரத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1937இல் பிறந்த அவர், பல்லாரியில் கிடைத்திருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் சர்க்கார் நிறுவியிருந்த புனா திரைப்படக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தைத் துறந்து சினிமாவுக்குப் போகிற பிள்ளையை நம் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் வங்காளத்து ரித்விக் கட்டக். குருவின் மேதையும் பிடிவாதமும் மாத்திரமின்றி, மதுப் பழக்கமும் சிஷ்யரிடத்தில் வந்து குடிகொண்டன. மணி கவுலின் ‘உஸ்கி ரோட்டி’யில் உதவியாளராக இருந்துவிட்டு, 1972இல் மலையாளத்தில் முதற்படம் எடுத்தார்.

இரண்டாவது படம் தமிழில் அமைந்தது நம் பாக்கியம். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதி, சங்கீதக்காரரான எம்.பி. சீனிவாசன் பேராசிரியர் வேஷம் தரித்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977இல் வெளிவந்தது. தாயைப் பறிகொடுத்த ஒரு கழுதைக் குட்டியைக் கல்லூரிப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். ஊர் நகைக்கவே, அதைத் தம் கிராமத்து அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே வாய் பேச இயலாத பெண்ணொருத்தி அதைப் பராமரிக்கிறாள். நடந்த தீங்குகளுக்கெல்லாம் அந்த வாயில்லாப் பிராணியின்மீது பழிசுமத்தி அதை அடித்துக் கொன்ற அதே ஜனங்கள், பின்பு அற்புதங்கள் நிகழக்கண்டு அதற்குக் கோயில் எழுப்ப யோசிக்கிறார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ஆனால் எதிர்ப்புக் கிளம்ப, தியேட்டர்களின் கதவு திறக்கவில்லை. பிற்காலத்தில் ஒளிபரப்புவதாக அறிவித்த தூர்தர்ஷனும் பின்வாங்கிக்கொண்டது.

விருது கொடுக்கும் கை வேறு, படத்தை ஜனங்களிடம் சேர்க்கும் கை வேறு என்பதை இந்த அனுபவம் அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டுமென்பது என் ஊகம். 1979இல் இன்னொரு படம் எடுத்தபின், 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ‘ஒடேஸா’ என்னும் குழுவை அமைத்தார். பெயர் ஐஸன்ஸ்டைனின் ‘போட்டெம்கின்’ படத்துப் படிக்கட்டுக் காட்சியை நினைவூட்டுவது. செய்கை நம் ஊர்க் கூத்துக்காரர் செய்கை. கிராமம் கிராமமாகப் போய் மேளம் கொட்டிக் கூட்டம் சேர்த்து, சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, படம் எடுக்கப்போகிறோம், இயன்றதைப் போடுங்கள் என்று கேட்டார்கள். அநாதைப் பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓட, ஒன்றும் அறியாதவர்போல வளர்ப்புத் தகப்பன் புதுக் கண்ணாடியைச் சுமந்துகொண்டு அந்த வீதியிலே வந்து நிற்கும் காட்சிக்கு எந்தப் பாஷையும் வேண்டாமல்லவா? சிரித்தவர்கள் சில்லறை போட்டார்கள். அந்தச் சில்லறையே மூலதனம்.

அவ்விதம் பிறந்த ‘அம்ம அறியான்’ (அம்மாவுக்குத் தெரிவிப்பது) 1986இல் முடிந்தது. வயநாட்டில் தற்கொலை செய்துகொண்ட தபேலாக்காரன் ஹரியின் சடலத்தைக் காணும் புருஷன் என்ற இளைஞன், செய்தியை ஹரியின் தாயிடம் சொல்லக் கொச்சிக்குப் புறப்படுகிறான். வழியில் ஊருக்கு ஊர் ஹரியை அறிந்த வாலிபர்கள் சேர்ந்துகொள்ள, தனியாகக் கிளம்பியவன் ஒரு கூட்டமாகப் போய்ச் சேருகிறான். பணம் திரண்ட விதமே கதையின் நடையாகவும் ஆகிவிட்டதை விமர்சகர்கள் போதுமான அளவு கவனித்ததாக நான் நினைக்கவில்லை. போகும் வழியெல்லாம் நாட்டின் பழைய ரணங்களும் குறுக்கிடுகின்றன. அவற்றில் ஒன்று மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் நடந்தது. அன்றைய வேலைக்கு அடையாளமான ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். கீழே விழுந்து புரண்டு ஒன்றைப் பொறுக்கியவனுக்கே அன்று கூலி. இதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் 1953இல் துப்பாக்கி வெடித்தது.

படம் வியாபாரிகளிடம் போகவில்லை. சில்லறை வந்த பாதையிலேயே ஒடேஸாக்காரர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தேசிய விருது பெற்ற தமிழ்க் கழுதைக்கு இந்த ஊர்வலம் வாய்க்கவில்லை.

மறு வருஷம் மே மாதக் கடைசியில், கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். வயது ஐம்பது நிறையவில்லை. எடுத்த முழுநீளப் படங்கள் நான்கு.