கொட்டாஞ்சேனை

கொழும்பின் வடபால் துறைமுகத்துக்கும் களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கும் இடையே, மேடும் சரிவுமாக அமைந்த பழைய நகர்ப்பகுதி. அஞ்சல் வலயம் கொழும்பு 13. தெற்கே புறக்கோட்டையும் ஆமர் வீதியும், மேற்கே கொச்சிக்கடையும் துறைமுகமும், கிழக்கே புளூமெண்டாலும் கிராண்ட்பாஸும், வடக்கே முகத்துவாரமும் மட்டக்குளியும் உள்ளன. மாநகர சபைக்கு இது ஒரு பகுதிதான். ஆயினும் கோயில், தேவாலயம், விகாரை, கல்லூரி, சந்தை என எல்லாம் தன்னிடத்திலேயே உடைய இதைத் தனி நகராகக் கருதுவதே பொருந்தும்.

ஆறும் துறையும். மலைநாட்டில் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. கண்டிக்குச் செல்லும் பாதை கிராண்ட்பாஸில் ஆற்றைக் கடந்தது. 1822இல் அங்கே படகுகளை அருகருகே பிணைத்து மேலே பலகை பரப்பிய பாலம் அமைக்கப்பட்டது. ஆற்றில் வரும் தோணிகளுக்காக, குறித்த நேரத்தில் சில படகுகளை விலக்கி வழி விடுவர். அதுவரை வண்டிகள் கரையில் காத்துக்கிடக்கும். மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் இவ்வழியே துறைமுகத்துக்கு வந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வண்டிப் போக்குவரத்து தளர்ந்தது. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்பட்டபின் படகுப்பாலம் மறைந்தது.

ஆறு தந்த முக்கியத்துவத்தைத் துறைமுகம் பறித்துக்கொண்டது என்பதே சரி. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவுற்றது. காலியில் தங்கிய கப்பல்கள் கொழும்பை நாடின. தொழிலாளரும் வணிகரும் கொட்டாஞ்சேனையில் நெருங்கிக் குடியேற, வசதி படைத்தோர் கறுவாத்தோட்டப் பக்கம் நகர்ந்தனர். 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கிய சென். தோமஸ் கல்லூரியும் துறைமுக நிலக்கரித் தூசி தாளாமல் 1918இல் கல்கிசைக்குப் போயிற்று.

வழிபாட்டிடங்கள். காலத்தால் முந்திய பெருங்கட்டடம் தெற்கெல்லை மேட்டில் ஒல்லாந்தர் எழுப்பிய வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் பணி தொடங்கி 1757இல் வழிபாட்டுக்கு விடப்பட்டது. சுவர்கள் ஏறத்தாழ 5 அடிக் கனம். கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்தில் அடக்கப்பட்ட ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள் 1813இல் இங்கு கொண்டுவரப்பட்டன. ஒல்லாந்தர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர் பின்னர் எழுப்பிய புனித லூசியாள் பேராலயமோ குவிமாடத்தாலும் உயர்ந்த முகப்பாலும் வுல்பெண்டாலைச் சிறிதாக்கிவிட்டது. யாழ்ப்பாண ஆயராயிருந்து 1883இல் கொழும்புக்கு மாற்றலாகி, பின்னர் பேராயரான போன்ஜீன் ஆண்டகையின் பெயரில் இங்கு ஒரு வீதி உண்டு.

இவை அனைத்திலும் கலைச்சிறப்பு மிக்கது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரம். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோயிலை அவர் மகன் சேர். பொன். இராமநாதன் 1907இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லால் மீண்டும் கட்டுவித்தார்; குடமுழுக்கு 1912இல் நடந்தது. சிலாசாசனம் போலக் கருத்த தூண்களின் வரிசை ஊடே நடக்கையில் வெளிவீதியின் லொறி இரைச்சல் மெல்ல அடங்கும். உச்சிவெயிலிலும் உள்ளே குளிர்ச்சிதான். தூண்களின் சிற்ப வேலையை விளக்கொளியில் கிட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். வண்ணச் சுதைக் கோபுரங்களே வழக்கமான கொழும்பில், சுதையை நம்பாது கல்லையே நம்பிய இராமநாதனின் முடிவு துணிச்சலானது. பங்குனி உத்தரத்தை ஒட்டிய பெருவிழாவில் தேர் வீதிவலம் வரும். கோயில் நிற்கும் வீதியும் இராமநாதன் பெயரையே தாங்குகிறது.

ஒல்லாந்தர் காலத்துத் தீபதுத்தாராமய விகாரை, 1873ஆம் ஆண்டுப் பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகரை எதிர்கொண்ட மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் இருப்பிடம். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. அன்று இவ்விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரோடு மோதியதே கொட்டாஞ்சேனைக் கலவரம். காவல்துறையின் ஆயத்தமின்மையே அதன் முதற்காரணம். பௌத்தருக்கு நியாயம் கிட்டவில்லை என்ற மனக்குறையோடு 1884இல் பிரம்மஞான சபைத் தலைவர் கேணல் ஒல்கொட் அவர்கள் சார்பில் லண்டன் சென்று முறையிட்டார். மறுஆண்டு வெசாக் தினம் அரச விடுமுறையாயிற்று. பௌத்தக் கொடி இவ்விகாரையில் ஏற்றப்பட்டது. ஒரு தெருச் சண்டையின் விளைவு நாட்டின் நாட்காட்டியில் இன்றும் நிற்கிறது.

மக்கள். இங்குள்ள தமிழ்பேசுவோரை நான்கு பிரிவாகக் கொள்ளலாம்: கொழும்புச் செட்டிகள், பரதவர், யாழ்ப்பாணத்தாரும் பிற வடகிழக்குத் தமிழரும், இந்திய வம்சாவளியினர். செட்டிகளில் பலர் கிறிஸ்தவராகி ஆங்கிலக் கல்வியில் முந்தினர். பரதவர் கடல்வணிகத்தில் நிலைத்தனர். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் உழைத்த இந்திய வம்சாவளியினரே ஊரின் முதுகெலும்பு. அவர்களைப் பற்றிய எழுத்துதான் குறைவு. முஸ்லிம்களும் சிங்களவரும் கணிசமாக வாழ்கின்றனர்.

கல்வி, பண்பாடு. சென். பெனடிக்ற் கல்லூரி 1865இலும், நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை 1869இலும் தோன்றியவை. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் கொழும்பில் வந்திறங்கினார். அவ்வருகையின் ஊக்கத்தால் 1902இல் விவேகானந்த சபை எழுந்தது. அது அமைந்த இடம் விவேகானந்த மேடு. வீரகேசரி நாளிதழ் 1930 ஆகஸ்ட் 6 முதல் அண்டையில் வெளிவரத் தொடங்கியது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நிலைகொண்டதும், அரச உத்தியோகத் தமிழரின் மையம் அங்கே சாய்ந்தது. ஆயினும் பழமையில் கொட்டாஞ்சேனைக்கு வெள்ளவத்தை ஈடாகாது.

இன்றைய நிலை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக எழுந்த வன்செயலில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. போர்க்காலத்தில் வடகிழக்கிலிருந்து பலர் வந்து தங்கினர். 2019 ஏப்ரல் 21இல் குண்டுவெடிப்புக்கு உள்ளான கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் அவ்வாண்டு ஜூன் 12இல் மீளத் திறக்கப்பட்டது. களனி ஆற்றின் புதிய பாலம் 2021 நவம்பரில் திறக்கப்பட்டது.