குளோனிங் பெட்டிகளில் பாக்டீரியா வழுப்படலம்

மண்ணில்லாமல், நீரையோ நீர்த்தூவலையோ மட்டும் கொண்டு போத்துகளை வேர்விடச் செய்யும் பெட்டிகளில், பம்பு, குழாய், தெளிப்பு முனை, தண்டின் அடி ஆகியவற்றின்மேல் படியும் கொழகொழப்பான பாக்டீரியாப் படிவே வழுப்படலம். நிறமற்றோ பால்வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும், தொட்டால் வழுக்கும், முற்றினால் நாறும். பெட்டியின் அமைப்பு எளியது. மூடியின் துளைகளில் நியோபிரீன் வளையங்கள் போத்துகளைக் கவ்விப் பிடித்திருக்க, அடித்தொட்டியில் மூழ்கிய சிறு பம்பு தண்டின் அடியில் நீரைப் பீய்ச்சும். வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் முறைக்கு 1957இல் ஃபிரிட்ஸ் வென்ட் ஏரோபோனிக்ஸ் என்று பெயரிட்டார். அம்முறையில் போத்துகளை வேர்விடவைக்கும் வணிகப் பெட்டி 1983இல் அமெரிக்காவில் வந்தது. துளசி, புதினா, தக்காளி போன்ற இளந்தண்டுச் செடிகள் இதில் ஓரிரு வாரத்தில் வேர்விடும். படலம் பிடித்த பெட்டியில் அதே போத்துகள் அடி பழுத்து, நீரை உறிஞ்ச முடியாமல் வாடும். உடனே தொட்டியில் ஏதாவது கிருமிநாசினியை ஊற்றுவதுதான் பலருடைய வழக்கம். ஆனால் இந்தச் சிக்கலின் வேர் நீரில் இல்லை. நீர் தொடும் பரப்புகளில் இருக்கிறது. ஆகவே தேய்த்துக் கழுவுவதும் பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்காமல் செய்வதும் சூட்டைத் தணிப்பதும் முதல் வேலைகள். மருந்து அவற்றுக்குப் பின்னால் வரவேண்டியது.

பாக்டீரியாக்களில் பெரும்பகுதி நீரில் தனித்தனியாக மிதந்து வாழ்வதில்லை, பரப்புகளில் ஒட்டிக் கூட்டமாகவே வாழ்கின்றன என்பதை பில் காஸ்டர்ட்டனும் அவருடைய சகாக்களும் 1978இல் எழுதிய கட்டுரை பரவலாக அறியச் செய்தது. ஒட்டிய பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டி.என்.ஏ. கலந்த ஒரு கூழைச் சுரக்கிறது. கைக்கு வழுக்குவது பெரும்பாலும் இந்தக் கூழே. அது வெறும் பசையாக நிற்பதில்லை; அரணாகவும் ஆகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்மின்முனையால் படலத்துக்குள் அளந்து 1994இல் வெளியிட்ட முடிவு இதற்குத் தெளிவான சான்று: வெளி நீரில் இருந்த குளோரினில் பெரும்பாலும் 20 சதவீதமோ அதற்கும் குறைவோதான் படலத்தின் உள்ளே காணப்பட்டது, ஓரிரு மணி நேரம் கழிந்தும் உள்ளும் வெளியும் சமமாகவில்லை. உள்ளே செல்லும் வழியிலேயே குளோரின் கூழுடன் வினைபுரிந்து செலவாகிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடின் கதை இன்னும் மோசம். கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். தனியொரு செல்லிடம் அந்த நொதி கொஞ்சமே இருக்கும். அடர்ந்த படலத்தில் எல்லாச் செல்களின் நொதியும் சேர்ந்து, பெராக்சைடு ஆழத்துக்கு இறங்குமுன்பே அதைத் தீர்த்துவிடுகிறது. போத்தின் வெட்டுவாயிலும் கேட்டலேஸ் உண்டு. ஊற்றியவுடன் நுரை பொங்குவதைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்வார்கள். உண்மையில் மருந்து வீணாவதன் அடையாளமாகவும் அந்த நுரை இருக்கலாம்.

பாக்டீரியாவுக்கு இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் விடை தேட வேண்டும். தொட்டியில் வெறும் நீர்தானே இருக்கிறது, உணவு எங்கிருந்து வருகிறது? வெட்டிய ஒவ்வொரு தண்டும் ஒரு திறந்த காயம். அதிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசிந்தபடி இருக்கும். 50 போத்துகள் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்ளும்போது கசிவு எல்லாம் ஒரே தொட்டியில் சேர்ந்து, பம்பின் வழியே சுழன்று, எல்லாப் பரப்பையும் நனைக்கிறது. வளையத்துக்குக் கீழே விடப்பட்ட இலை, உதிர்ந்த தோல், தண்டிலிருந்து கழுவப்பட்டு இறங்கும் வேர் ஊக்கிக் கூழ் ஆகியவையும் சேரும். வேர்வராத போத்து ஊட்டக் கரைசலை அதிகம் எடுத்துக்கொள்ள முடியாது. தண்டிலும் இலையிலும் உள்ள சேமிப்பே அதற்கு முதல் வாரத்தில் சாப்பாடு. எனவே வேர் வருமுன் ஊற்றும் கடற்பாசிச் சாறு, அமினோ அமிலக் கரைசல், வெல்லப்பாகு கலந்த நுண்ணுயிர்க் கரைசல் யாவும் பாக்டீரியாவுக்கு வைத்த விருந்தே. நல்லெண்ணத்தில் செய்யப்படும் கேடுகளில் இதற்கே முதலிடம் தரலாம்.

அடுத்தது சூடு. மூழ்கிய பம்பு தன் வெப்பத்தை நீருக்கே கொடுப்பதால், இடைவிடாமல் ஓடும் பெட்டியில் நீர் அறையைவிடச் சூடாகிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.6தான். அதே வேளையில் பாக்டீரியாவின் பெருக்கமும் தண்டின் சுவாசமும் சூட்டோடு ஏறுகின்றன. சென்னையில் கோடைக்கால மாடித்தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டியே குழாயில் வரும் என்பதால், இங்கே பெட்டி தொடங்கும் இடமே அபாயக் கோடு. ஆக்சிஜன் குறைவுதானே காரணம், காற்றுக்கல் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வழுப்படலம் அமைப்பவற்றில் சூடோமோனாஸ் போன்ற பல பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை விரும்புபவை. குமிழிகளால் அவையும்தான் கொழிக்கும். தெளிப்புப் பெட்டியில் துளிகள் காற்றில் பறப்பதாலேயே நீருக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. பயனுள்ள மாற்றம் பம்பை ஓயவிடுவதுதான்: 1 நிமிடம் ஓடி 4, 5 நிமிடம் நிற்கும்படி டைமர் வைத்தால் நீர் சூடேறுவது வெகுவாகக் குறையும். அதற்காக நீரைக் கடுங்குளிராக்கவும் கூடாது. வேர் தோன்றுவதற்கும் இளஞ்சூடு தேவை. 20 முதல் 22 டிகிரி வரை இரு தரப்புக்கும் இடையிலான நியாயமான சமரசம்.

சிகிச்சைக்கு முன் நோய் எதுவெனத் தெரிய வேண்டும். ஈரத்தில் ஊறிய தண்டில் எழும் வெள்ளைப் பொரிகள் பெரும்பாலும் தண்டின் காற்றுத்துளைகள் வீங்கியவை. வேர் வரப்போவதற்கு முன்பும் அவை தென்படும், நோயல்ல. வேர்நுனியும் தெளிந்த மெல்லிய கூழைச் சுரக்கும், அது இயல்பு. பச்சையாக இருந்தால் பாசி. ஒளிபுகாதபடி பெட்டியை மூடினால் தீரும். வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுநரம்பு மட்டும் நூலாக நின்றால் பித்தியத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது பாக்டீரியா இனமே இல்லை. நீரில் நீந்தும் வித்துகளால் பரவும் வேறொரு நுண்ணுயிர். தண்டே கூழாகிக் கெட்ட நாற்றம் அடித்தால் பெக்டோபாக்டீரியம் போன்ற மென்னழுகல் பாக்டீரியாக்கள் இறங்கிவிட்டன என்று பொருள்; அந்தப் போத்தைக் காப்பாற்ற முயல்வது மற்றவற்றுக்கு ஆபத்து.

கழுவுதல் முதலில், மருந்து பின்னால் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெரிய நாற்றங்கால்கள் பாசன நீரில் 0.5 முதல் 2 பி.பி.எம். வரை குளோரினைத் தொடர்ந்து கலந்து நோயைக் கட்டுப்படுத்துகின்றனவே, பிறகு மருந்தைப் பின்னுக்குத் தள்ளுவானேன்? அந்த அளவு பலன் தருவது உண்மை. பித்தியத்தின் உறவான ஃபைட்டோப்தோராவின் நீந்தும் வித்துகளை 2 பி.பி.எம். கொன்றுவிடும். ஆனால் அங்கே குளோரின் காப்பது சுத்தமான குழாயை. நீரில் புதிதாக வரும் செல் ஒட்டுமுன் அதைக் கொல்வது எளிது. முற்றிய படலத்தை அதே அளவால் அழிக்க முடியாது, அளவைக் கூட்டினால் முதலில் கருகுவது போத்துதான். குளோரினின் ஆற்றல் நீரின் அமிலத்தன்மையையும் பொறுத்தது. பி.எச். 6.5இல் ஏறத்தாழ 90 சதவீதம் வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 7.5இல் பாதி, 8.5இல் பத்தில் ஒரு பங்கு. காரத்தன்மை மிகுந்த போர்வெல் நீரில் பிளீச்சை ஊற்றிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 5 சதவீதக் குளோரின் உள்ள திரவம் 1 மில்லி, 20 லிட்டர் நீருக்கு 2.5 பி.பி.எம். தரும். இந்தக் கணக்கைப் போடாமல் மூடியால் ஊற்றுவது குருட்டு வைத்தியம்.

படலம் பிடித்துவிட்ட பெட்டியில் செய்யவேண்டியதில் வரிசை முக்கியம். போத்துகளை எடுத்து, அடியில் 1 சென்டிமீட்டர் புதிதாக வெட்டிக் கழுவி வைக்க வேண்டும். நீரைக் கொட்டி, பம்பைப் பிரித்து, அதன் சுழல்தகட்டையும் தெளிப்பு முனைகளையும் சோப்பு நீரில் தூரிகையால் தேய்க்க வேண்டும். பார்வையில் படாத சுழல்தகட்டு அறையே பெரும்பாலும் மறுதொற்றின் மூலம். சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதன் சொரசொரப்பில் படலம் ஒளிந்துகொள்ளும். சிட்ரிக் அமிலத்தால் அதைக் கரைத்து, நன்றாக அலசி, அதன்பிறகே பிளீச் தொடவேண்டும். அமிலமும் பிளீச்சும் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளியேறும். பிளீச் 1 பங்குக்கு 9 பங்கு நீர் கலந்து, பம்பை ஓட்டி 10 நிமிடத்துக்குக் குறையாமல் சுழலவிட்டு, இரண்டு முறை நல்ல நீரில் அலச வேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தைத் தேய்க்காமல் கொதிநீர் மட்டும் ஊற்றுபவரைப் போலத்தான், சோப்பையும் தூரிகையையும் தவிர்த்து நேரே பிளீச்சுக்குப் போகிறவர்கள். நியோபிரீன் வளையங்களின் நுண்துளைகளை முழுமையாகச் சுத்தம் செய்வது கடினம். விலை மலிவு என்பதால் மாற்றிவிடலாம். பிறகு தொட்டி நீரைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவதே கசிவைக் குறைக்கும் மலிவான வழி.

நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் குடியேற்றும் வழியும் உண்டு. பேசில்லஸ் இனங்கள் வேர்ப்பரப்பில் இடம்பிடித்து நோய்க்கிருமிகளை விலக்குவது மெய்யே. ஆனால் அவையும் படலம் அமைத்தே அதைச் செய்கின்றன. குடியேற வேரும் வேண்டும். வேரே இல்லாத பெட்டியில் அவற்றைவிட, கழுவி மாற்றிய நீருக்கே பயன் அதிகம். குளோரினோடு சேர்த்து ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்கிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

எந்தச் செடிக்கு இந்தப் பெட்டி என்பதும் கணக்கில் வரவேண்டும். பத்து நாளில் வேர்விடும் துளசி, புதினா, தக்காளிக்குக் கழுவும் ஒழுங்கு போதும். படலம் முற்றுவதற்குள் போத்து தொட்டிச்செடியாகிவிடும். வாரக்கணக்கில் காக்கவைக்கும் காகிதப்பூ போன்ற கட்டைத்தண்டுகளைத் தென்னைநார்க் கழிவிலோ பெர்லைட்டிலோ ஊன்றுவதே மேல்.