சித்தோ மடமும் திராட்சைச் சரிவும்

திருப்பலியில் குருவானவர் இரசக் கிண்ணத்தை உயர்த்தும்போது, அந்த இரசம் எந்த மண்ணில் விளைந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மண்ணறிந்து திராட்சை பயிரிடும் கலையை ஐரோப்பாவில் வளர்த்தவர்களுள் நம் திருச்சபையின் துறவியர்க்குப் பெரும் பங்குண்டு. பிரான்சு நாட்டுப் பர்கண்டிப் பகுதியின் வரலாறு இதற்குச் சான்று.

1098ஆம் ஆண்டு புனித ராபர்ட்டும் தோழர்களும் சித்தோ என்னுமிடத்தில் மடம் அமைத்தனர். நாணல் மண்டிய சதுப்புநிலம் அது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி கைகளால் உழைத்து வாழ வந்தவர்கள் அவர்கள். ஆனால் தேங்கிய நீரில் திராட்சைக்கொடி செழிக்காதே! எனவே மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வூழோ சரிவில், பெரும்பாலும் பக்தர்கள் நன்கொடையாக அளித்த நிலங்களைச் சேர்த்துத் தோட்டமாக்கினர். ஏறத்தாழ 125 ஏக்கர் கொண்ட அத்தோட்டத்தைச் சுற்றி 1336ஆம் ஆண்டளவில் மதில் எழுப்பி முடித்தனர்.

அந்தச் சரிவு கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக விழும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலடியில் படிந்த சிப்பிகளும் சேறும் இறுகிச் சுண்ணாம்புப் பாறையாயின. மதிலுக்குள் மேட்டுப் பகுதியில் மண் ஒரு முழ ஆழமே. சரளை கலந்தது, அடியில் பாறை. மழைநீர் வெடிப்புகளில் இறங்கிவிடும், வேரும் அதைத் தேடி ஆழமாய்ப் போகும். நடுவில் களிமண் கூடுகிறது. தாழ்ந்த பகுதியிலோ இரண்டு முழ ஆழத்துக்கு வண்டலும் களியும்; நீர் எளிதில் வடியாது. மேட்டு இரசம் பாப்பரசருக்கு, நடு இரசம் ஆயர்களுக்கு, அடிநிலத்து இரசம் துறவிகளுக்கு என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் மண் அதற்கு ஒத்தே இருக்கிறது.

ஏழ்மை வாக்களித்தவர்கள் காலப்போக்கில் பெருநிலக்கிழார் ஆனதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கொடி வெட்டி, கூடை சுமந்து, பாத்திக்குப் பாத்தி மண்ணின் குணத்தைக் கண்டறிந்தவர்களில் பலர் எழுத்தறியாத பொதுநிலைச் சகோதரர்கள். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

1790இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு தோட்டத்தைப் பறிமுதல் செய்தது. 1889இல் அது பல துண்டுகளாக விற்கப்பட்டது. இன்று சுமார் எண்பது பேர் அதன் உரிமையாளர்கள். 2015இல் யுனெஸ்கோ இச்சரிவுத் தோட்டங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. துறவிகள் 1898இல் சித்தோவுக்குத் திரும்பினர். திராட்சைத் தோட்டம் திரும்பவில்லை. அந்த ஈரநிலத்துப் புல்லில் பசு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்யலாயினர்.