எலும்பு மாத்திரையா, ராகிக் களியா? அம்மாவுக்காக முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்ததும் டாக்டர் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 'ஆஸ்டியோபோரோசிஸ்' என்று வந்தது. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வாங்கி ஒரு மாசம் ஆச்சு. ஸ்ட்ரிப் பிரிக்கப்படாமல் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. காரணம், ஃபேமிலி குரூப்பில் வந்த ஒரு ஃபார்வர்டு: 'இந்த மாத்திரை சாப்பிட்டா தாடை எலும்பு அழுகிடும், தொடை எலும்பு தானா ஒடியும்.' "எனக்கு மாத்திரையெல்லாம் வேணாம்பா. ராகிக் களி, பிரண்டைத் துவையல்னு சாப்பாட்டிலேயே சரி பண்ணிக்கிறேன்" என்கிறார் அம்மா. கூடவே, "நீதான் எப்பப் பாரு போன்ல இருக்கியே, நீயே பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிரிக்காத ஸ்ட்ரிப் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த ஃபார்வர்டு முழுப் பொய் கிடையாது. அதில் சொல்லப்பட்ட இரண்டு பிரச்னைகளும் நிஜமானவை. ஆனால், எத்தனை பேருக்கு வரும், மாத்திரை சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதல்ல, தேயறது எது?

'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே வார்த்தையை நாம் இரண்டு பிரச்னைகளுக்கும் சொல்கிறோம். முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாமை இதெல்லாம் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஆஸ்டியோபோரோசிஸ் வேறு. இதில் எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து, உளுத்த மரம் மாதிரி ஆகிவிடும். எலும்பு முறியும் வரை பொதுவாக வலியே இருக்காது. 'எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு மாத்திரை?' என்று அம்மா கேட்பதற்குக் காரணமும் இதுதான்.

நம் எலும்பு தினமும் கொஞ்சம் அரிக்கப்பட்டு, தினமும் கொஞ்சம் கட்டப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிக்கிற வேலை வேகமெடுக்கிறது, கட்டுகிற வேலை பின்தங்குகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் இருக்கும். ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்குப்படி, மைனஸ் 1 வரை நார்மல். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ்.

பயப்பட வேண்டியது இடுப்பு எலும்பு முறிவுக்குத்தான். ஆபரேஷனுக்குப் பிறகும் பலரால் பழையபடி யார் துணையும் இல்லாமல் நடக்க முடிவதில்லை. வயதானவர்களில் ஐந்தில் ஒருவர்வரை ஒரு வருடத்துக்குள் இறந்துபோவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

மாத்திரை என்ன செய்யும்?

டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் பிஸ்பாஸ்போனேட் என்ற வகை மருந்து. அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை, ஐபாண்ட்ரோனேட் மாதம் ஒரு மாத்திரை, சோலெட்ரோனிக் ஆசிட் வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். இவை எலும்பை அரிக்கிற செல்களின் வேகத்தைக் குறைக்கின்றன.

அலெண்ட்ரோனேட் பற்றிய முக்கியமான ஆய்வு 1996-ல் வெளியானது. ஏற்கெனவே முதுகெலும்பில் முறிவு இருந்த 2,027 பெண்களை மூன்று வருடங்கள் கவனித்தார்கள். மருந்தில்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 15 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 8 பேர். இடுப்பு எலும்பு முறிவு 2.2 சதவிகிதத்திலிருந்து 1.1 சதவிகிதமாகப் பாதியாகக் குறைந்தது.

2007-ல் வெளியான சோலெட்ரோனிக் ஆசிட் ஆய்வில் 7,700-க்கும் மேற்பட்ட பெண்கள். மூன்று வருடங்களில் முதுகெலும்பு முறிவு 10.9 சதவிகிதத்திலிருந்து 3.3-ஆகவும், இடுப்பு முறிவு 2.5-லிருந்து 1.4-ஆகவும் குறைந்தது.

இங்கேதான் நம் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. 2007 ஆய்வில், டம்மி மருந்து பெற்ற பெண்கள் உட்பட எல்லோருக்குமே தினமும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். 1996 ஆய்விலும் சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருந்தவர்களுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, இரண்டும் தரப்பட்டன. ஆக, அங்கே போட்டி 'மாத்திரையா, கால்சியமா' என்று நடக்கவில்லை. 'கால்சியம் மட்டுமா, கால்சியத்தோடு மருந்துமா' என்றுதான் நடந்தது. மருந்தும் சேர்ந்த பக்கத்தில்தான் எலும்புகள் குறைவாக முறிந்தன.

சரி, பக்கவிளைவு?

அடிக்கடி வருபவை: நெஞ்செரிச்சல், வயிற்றுக் கோளாறு, உணவுக்குழாய்ப் புண், உடம்பு வலி. டிரிப்ஸ் போட்டால், முதல் தடவை மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சல், உடல்வலி வரலாம். இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

தாடை எலும்புப் பிரச்னை: நிஜம்தான், ஆனால் மிக அரிது. ஆஸ்டியோபோரோசிஸுக்கான டோஸில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவர்வரை என்பது கணக்கு. பல் பிடுங்கிய பிறகு வருவதுதான் அதிகம். புற்றுநோய்க்காக இதே மருந்தைப் பல மடங்கு டோஸில் எடுப்பவர்களுக்கு ரிஸ்க் கூடுதல். பயமுறுத்தும் படங்களைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கட்டும்.

தொடை எலும்பு முறிவு: பல வருடங்கள் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு, பெரிதாக அடிபடாமலே தொடை எலும்பு குறுக்காக முறிவது உண்டு. இதைப் பற்றிய பெரிய ஆய்வு 2020-ல் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. 50 வயதைத் தாண்டிய 1,96,129 பெண்களில் 277 பேருக்கு இந்த முறிவு வந்திருந்தது.

நமக்கு முக்கியமான விஷயம், அந்த ஆய்வில் ஆசியப் பெண்களுக்கு இந்த ரிஸ்க் வெள்ளையினப் பெண்களைவிட அதிகமாக இருந்தது. 10,000 ஆசியப் பெண்கள் மூன்று வருடம் மருந்து சாப்பிட்டால், 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், 8 பேருக்கு இந்தத் தொடை எலும்பு முறிவு வரும் என்று கணக்கிட்டார்கள். வெள்ளையினப் பெண்களுக்கு அதுவே 149-க்கு 2. அதாவது, நம் ஆட்களுக்கு ரிஸ்க் கொஞ்சம் கூடுதல், பலன் அதைவிடப் பல மடங்கு கூடுதல். மருந்தை நிறுத்தியதும் இந்த ரிஸ்க் வேகமாகக் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

அதனால்தான் இந்த மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிடச் சொல்வதில்லை. மாத்திரை என்றால் சுமார் ஐந்து வருடம், டிரிப்ஸ் என்றால் மூன்று வருடம் கழித்து மறுபடி பரிசோதித்து, ரிஸ்க் குறைந்தவர்களுக்கு மருந்துக்கு லீவு கொடுப்பார்கள். இடையில் தொடையிலோ தொடை இடுக்கிலோ புதிதாக வலி வந்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடாமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சப்ளிமென்ட் மட்டும் போதாதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. 1992-ல் பிரான்ஸில், முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 வயதான பெண்களை வைத்து ஓர் ஆய்வு. கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு இடுப்பு முறிவு 43 சதவிகிதம் குறைந்தது. பற்றாக்குறை இருந்தவர்களுக்கு, பற்றாக்குறையைச் சரிசெய்தது பலன் தந்தது.

பற்றாக்குறை இல்லாதவர்களுக்கு? 2006-ல் அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் ஏழு வருடம் பார்த்த ஆய்வில், இடுப்பு முறிவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை, ஆனால் சிறுநீரகக்கல் 17 சதவிகிதம் கூடியது. 2022-ல் 25,871 பேரிடம் தினமும் 2,000 ஐ.யு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தபோதும் எலும்பு முறிவு குறையவில்லை.

'வைட்டமின்தானே, என்ன ஆகிடப்போகுது' என்றும் நினைக்க வேண்டாம். 70 வயது தாண்டிய 2,256 பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் ஐ.யு-வை மொத்தமாகக் கொடுத்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமாகின. நம் ஊரில் 60,000 ஐ.யு மாத்திரையை எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், அதே பழைய சீட்டைக் காட்டி மாசக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அம்மாவின் டப்பாவை ஒருமுறை பாருங்கள்.

சாப்பாட்டால் என்ன முடியும்?

நிறையவே முடியும். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் சுமார் 7,200 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றைக் கூட்டினார்கள். இரண்டு வருடத்தில் எலும்பு முறிவுகள் 33 சதவிகிதமும், இடுப்பு முறிவு 46 சதவிகிதமும் குறைந்தன. அவர்களுக்கு வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது, கால்சியமும் புரதமும்தான் குறைவாக இருந்தன.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினமும் 1,200 மி.கி கால்சியம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். நம் சமையலறைக் கணக்கு தோராயமாக இப்படி:

• 50 கிராம் ராகி மாவு - 180 மி.கி
• ஒரு டம்ளர் பால் (200 மி.லி) - 240 மி.கி
• ஒரு கப் தயிர் - 180 மி.கி
• ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை (50 கிராம்) - 150 மி.கி
• 10 கிராம் எள் - 130 மி.கி

மொத்தம் 880. கீரை, எள், ராகியில் இருப்பது முழுக்க உடம்பில் சேராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, 'வாரம் ரெண்டு நாள் ராகிக் களி' கணக்கில் பற்றாது. மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, பருப்பு என்று சேர்க்க வேண்டும். அப்படியும் குறைகிற அளவுக்கு மட்டும் கால்சியம் மாத்திரை எடுத்தால் போதும். சுண்டல், முட்டை, மீன், பருப்பு என்று புரதமும் முக்கியம்.

பிரண்டை? தாராளமாகத் துவையல் அரைக்கலாம். ஆனால், ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்களுக்கு எலும்பு முறிவைப் பிரண்டை தடுக்கும் என்று காட்டிய பெரிய மனித ஆய்வு எதுவும் கிடையாது. கொலாஜன் பவுடருக்கும் இதே பதில்தான்.

அப்போ யாருக்கு எது?

• ஸ்கோர் நார்மல்: சாப்பாடு, வெயில், நடை, தசைப் பயிற்சி. மருந்து வேண்டாம்.
• ஆஸ்டியோபீனியா: எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. அடுத்த பத்து வருடத்தில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் 'ஃபிராக்ஸ்' என்ற கருவியை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். போனிலேயே பார்க்கலாம், இந்தியாவுக்குத் தனிக் கணக்கும் உண்டு. அதை டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள்.
• மைனஸ் 2.5-க்கும் கீழே, அல்லது சும்மா விழுந்ததிலேயே இடுப்போ முதுகெலும்போ முறிந்திருக்கிறது: சாப்பாடும் சப்ளிமென்ட்டும் அஸ்திவாரம். ஆனால், அதை மட்டும் நம்பி மருந்தைத் தள்ளிப்போட்டால் ரிஸ்க் அம்மாவுக்குத்தான்.

ஆரம்பிக்கும் முன், நிறுத்தும் முன்

அலெண்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம் காபி, சாப்பாடு, கால்சியம் எதுவும் கூடாது. படுக்கவும் கூடாது. உணவுக்குழாய்ப் புண் வராமல் தடுக்க இதுதான் வழி. காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது.

ஆரம்பிக்கும் முன் சிறுநீரக டெஸ்ட், ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவுகளைப் பார்க்க வேண்டும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுவது நல்லது. சிறுநீரகம் பலவீனமானவர்கள், உணவுக்குழாய்ப் பிரச்னை உள்ளவர்கள், நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள் எல்லாம் டாக்டரிடம் வேறு வழி கேட்க வேண்டும்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசி இருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால், அதை நீங்களாகவே நிறுத்தக் கூடாது, தள்ளியும் போடக் கூடாது. நிறுத்தினால் எலும்பு அரிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி, முதுகெலும்பில் ஒரே நேரத்தில் பல இடங்களில் முறிவு வரலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்துவார்.

அடுத்த தடவை அம்மாவோடு டாக்டரிடம் போகும்போது போன் நோட்ஸில் நாலு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: 'அம்மாவுக்கு எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு? இந்த மருந்தால் அது எவ்வளவு குறையும்? எத்தனை வருடம் சாப்பிடணும்? ஒத்துக்கலைன்னா வேற என்ன இருக்கு?' பதில் கிடைத்தால் பாதி பயம் போய்விடும்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. பாத்ரூமில் வழுக்காத மேட் போடுங்கள், சுவரில் கைப்பிடி மாட்டுங்கள், ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன லைட் வையுங்கள். இதற்குப் பக்கவிளைவே கிடையாது. அப்புறம், ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிற ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். ராகிக் களியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். இதையும் சேர்த்துக்கலாம்மா என்று சொல்லுங்கள்.